பெரியவள் முன்னால், சின்னவள் பின்னால்

மார்ச் 3

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரயிலடிக்கு அம்மா மட்டும்தான் வந்தாள். "அவளுக்கு டூட்டிடி" என்றாள். அன்றைக்கு உனக்கு டூட்டி இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியைத் தூக்கி வைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல இரண்டு பேரும் நடித்தோம்.

இங்கே விடுதியில் வார்டன் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தருவாள். அந்த நேரத்தில் நீ ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் கடிதம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

கால்பந்து கிளப் பெரியது. மைதானம் முழுக்கப் புல் ஒரே அளவில் இருக்கிறது. நம் ஆஸ்பத்திரி மைதானம் மாதிரி கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பாய்லர் சாம்பல் குவிந்து கிடக்கவில்லை. எனக்குக் கிடைத்தது இரண்டடுக்குக் கட்டிலில் மேல் படுக்கை. கீழே படுப்பவள்தான் இங்கே நிறைய கோல் போடுபவள். ஊசி என்று கூப்பிடுகிறார்கள். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவாளாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எதிராளி கால்ல இருந்து பிடுங்குனது நான். நடு கிரவுண்ட் வரைக்கும் கொண்டுவந்து குடுத்தது நான். கடைசியா ஒரு தட்டு தட்டுனவளுக்கு மாலை." நானும் சும்மா இருக்கவில்லை. "அப்ப நீயே ஒரு கோல் போட வேண்டியதுதானே? உன் கையை யாரு கட்டிப்போட்டது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனசில்லை.

தேர்வாளர் உன்னை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டதற்கு நான் என்ன செய்ய முடியும்? நீயே சொல்.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாய். ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தேர்வாளர் நம் மைதானத்துக்கு வந்த அன்றைக்கு ஆடினதைவிட நன்றாக நான் என்றைக்குமே ஆடினதில்லை. எதிர் அணியில் ஃபார்வர்டு ஆடினாளே அந்த உயரக்காரி, அவள் நம் கோல்கீப்பரின் முகத்தை ஒரு தடவைகூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை. கடைசியில் கடுப்பாகி என் காலை மிதித்தாள். அந்த நேரமெல்லாம் தேர்வாளர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? அந்தக் கோடியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ நின்ற இடத்தை. நீ சும்மா நின்றதைக்கூட ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் வேலை செய்ததைப் பார்க்க ஆளில்லை.

இந்த ஆட்டத்தில் நியாயம் அவ்வளவுதான். நீ ஆட்டம் முழுக்கக் கோட்டைவிட்டு ஒரே ஒரு பந்தைப் போட்டால் தோளில் தூக்குவார்கள். நான் ஆட்டம் முழுக்கத் தடுத்து ஒன்றை விட்டுவிட்டால் வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, தையல்காரி என்று யாரையும் விடவில்லை. "என் சின்னவ பெரிய கிளப்புல ஆடுறா." நேற்றுக் குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளிடமும் சொல்லியாகிவிட்டது. அவர் மரியாதைக்கு என்னைப் பார்த்து, "நீங்களும் ஆடுவீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்: "அவளும் ஆடுவா. பின்னாடி நிப்பா."

நிப்பாளாம். பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.

சலவைப் பிரிவில் உன் இடத்துக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பெரிய விரிப்புகளை மடிக்கும்போது என் எதிர் முனையை அவள்தான் பிடிக்கிறாள். நீ சோம்பேறிதான், ஆனால் முனையை ஒழுங்காகப் பிடிப்பாய். இவள் பிடித்தால் விரிப்பு கோணிக்கொண்டு போகிறது. இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ரயிலடிக்கு வந்திருந்தால் அங்கேயும் சண்டை போட்டிருப்பேன். வராததே நல்லது.

பெரியவள்


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்து ஊசி எட்டிப் பார்த்தாள். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் நன்றாகப் போகிறது. எல்லா மேட்சிலும் இறக்குகிறார்கள், முழு நேரமும் ஆடவிடுகிறார்கள். புதிதாக வந்தவளுக்கு இது பெரிய விஷயமாம். எங்கள் கோச்சம்மா அதிகம் பேசமாட்டாள். விசிலாலேயே திட்டுவாள். கோல் எத்தனை என்று அம்மா போனில் கேட்டாள். "வரும்மா, வரும்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசிதான் இங்கே எல்லாம். அவள் கோல் போட்டால் மைதானமே எழுந்து நிற்கிறது. நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். நானும் ஓடுகிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் கட்டிக்கொண்டு, முதுகில் தட்டி, கலைந்து போயிருப்பார்கள். பாதி வழியிலேயே திரும்பிவிடுவேன்.

உன்னிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். ஒருத்தி பந்தோடு நேராக உன்மேல் ஓடி வருகிறாள் என்று வை. நீ எதைப் பார்ப்பாய்? பந்தையா, காலையா, அவள் கண்ணையா? நீயாகப் பாய்வாயா, அவள் தட்டும்வரை பொறுத்திருப்பாயா? உனக்குப் பின்னால் இன்னொருத்தி ஓடுவது எப்படித் தெரியும்? முதுகிலும் கண் இருக்கிறதா?

தடுப்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்தால் ஏமாற்ற வசதியாக இருக்குமே என்றுதான். வேறொன்றும் இல்லை.

சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

உன் சந்தேகத்துக்குப் பதில் கிடையாது. திருடன் வந்து பூட்டுக்காரனிடமே எப்படித் திறப்பது என்று கேட்ட கதையாக இருக்கிறது.

எனக்கு உன்னிடம் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. உன் இடத்தில் மருந்துப் பிரிவுப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள் அல்லவா, அவள் மாசமாக இருக்கிறாள். பந்தைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்கிறாள். நம் கோச் ஆம்புலன்ஸ் அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "பெரியவளே, நீ முன்னாடி போறியா?" என்றார்.

"எனக்கு அங்க என்னண்ணே வேலை?"

"சும்மா போய் நில்லும்மா. உன் உயரத்தைப் பாத்து அவங்களாவது பயப்படட்டும்."

போய் நின்றேன். முன்னால் நிற்பது இவ்வளவு சொகுசான வேலையா! பந்து வரும்வரை காற்று வாங்கலாம். உன்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அங்கே நின்றபோது இரட்டிப்பானது. இதற்கா நீ வீட்டுக்கு வந்து காலை நீட்டி அம்மாவை அமுக்கிவிடச் சொல்வாய்?

அப்புறம் ஒரு பந்து வந்தது. எதிரே அவர்களுடைய பின்வரிசைக்காரி. அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அதையே அவளும் செய்தாள். இடது பக்கம் சாய்ந்தாள். நான் வலது பக்கம் போனேன். அவ்வளவுதான். வலை ஆடியபோதுகூட, வேறு யாரோ போட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மா கத்தினாள். "போட்டுட்டாடி பெரியவ! போட்டுட்டா!" கம்பி வேலியில் குடையால் அடித்துக் குடையை உடைத்துவிட்டாள். நான் ஆட ஆரம்பித்து எத்தனை வருடமாகிறது! அம்மாவின் தொண்டை எனக்காகத் திறந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மேட்சில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. என் கையை யார் கட்டிப்போட்டது என்று கேட்டாயே, இதோ பதில்.

உன் ஒன்பதாம் நம்பர் ஜெர்சியைத்தான் போட்டுக்கொள்கிறேன். தோள்பட்டை இறுக்கமாக இருந்தது. தையலைப் பிரித்துவிட்டேன்.

பெரியவள்


மே 5

அக்கா,

என் ஜெர்சியைப் பிரித்தாயா? யாரைக் கேட்டுப் பிரித்தாய்?

சரி, சொல்லிவிடுகிறேன். இனிமேல் மறைத்தால் என் மண்டை வெடித்துவிடும். நான் இங்கே ஃபார்வர்டு ஆடவில்லை. வந்த வாரமே கோச்சம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "உனக்கு வேகம் இருக்கு. ஆனா உன்னைவிட வேகமா ஒருத்தி எங்கிட்ட இருக்கா. இப்ப எனக்கு ஓட்டை டிஃபென்ஸ்லதான். அங்க நில்லு. இல்லைன்னா பெஞ்சுல உட்காரு."

நின்றேன். நீ செய்யும் வேலையை நான் செய்கிறேன், கேவலமாகச் செய்கிறேன். முதல் மேட்சில் ஒருத்தி என் இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு மேட்சில் நான் தடுக்கப்போன பந்து என் முழங்காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போனது. அதற்கும் ஒரு கோல் கணக்கு உண்டே, அதுதான் இங்கே நான் போட்ட ஒரே கோல்.

பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதுகூட எனக்கு மூச்சு சீராக வருவதில்லை. நீ அந்த நேரத்தில் நம் கோல்கீப்பரோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாயே, அது எப்படி அக்கா?

போன ஞாயிறு அம்மாவோடு பேசினேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை உன் கோல். நீ எப்படி ஓடினாய், எப்படித் திரும்பினாய், ஆம்புலன்ஸ் அண்ணன் எப்படி ஹாரன் அடித்தார். கடைசியில்தான் ஞாபகம் வந்து, "நீ எத்தனைடி போட்ட?" என்றாள். "இந்த வாரம் இல்லம்மா" என்றேன். "பரவால்ல விடு, பெரியவ போட்டுட்டா" என்றாள்.

பரவாயில்லையாம். போனை வார்டனிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

படிப்பு உனக்கு வந்தது. பொறுமை உனக்கு. அப்பாவின் உயரமும் உனக்கே. கோல் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. நான் இந்தப் பக்கம் திரும்பினதும் அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டாய், ஜெர்சியோடு சேர்த்து.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

சின்னவள்


மே 16

சின்னவளே,

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சிரித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. சலவை மெஷின் இரைச்சலையும் மீறிச் சிரித்தேன். விரிப்பின் எதிர் முனையைப் பிடித்திருந்த பெண் பயந்துபோய் முனையை விட்டுவிட்டாள்.

அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன், கேள். கோல் உன்னுடையது, கைதட்டல் உன்னுடையது, ரயிலேறிப் போனதும் நீதான். எனக்கு மிச்சமிருந்தது பின்னால் நிற்கும் அந்த இடம் ஒன்றுதான். யாருக்கும் வேண்டாத இடம், அதனால் யாரும் பிடுங்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அதையும் நல்ல புல்லில், பெரிய கிளப்பில், நீயே ஆடுகிறாய். அந்த வேலை தெரிந்த என்னை யாரும் கூப்பிடவில்லை. தெரியாத உன்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். டிஃபென்ஸில்தான் ஓட்டை என்று உன் கோச்சம்மா சொன்னாளாமே. அன்றைக்கு அந்தத் தேர்வாளர் தலையை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் உன் இடத்தை எடுத்துக்கொண்டேன் என்று அழுகிறாய். நீ எடுத்துக்கொண்டது யாருடைய இடம்?

இருக்கட்டும். கோப்பைப் போட்டிக்குச் சீட்டு குலுக்கியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் அண்ணன் இன்றைக்குத்தான் வந்து சொன்னார். முதல் சுற்றில் எங்களுக்கு எதிராக உங்கள் கிளப். மேட்ச் நம் ஆஸ்பத்திரி மைதானத்தில். நான் முன்னால் ஆடுவேன், நீ பின்னால் நிற்பாய். என்னை நீதான் பிடித்தாக வேண்டும்.

உன் சந்தேகத்துக்கு ஒரு வரி மட்டும் பதில் சொல்கிறேன். இடுப்பைப் பார். கால் பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. மீதி எல்லாம் எனக்கு. அதையும் சொல்லிவிட்டால் அன்றைக்கு என்னைப் பிடித்துவிடுவாய்.

பெரியவள்


ஜூன் 20

அக்காவுக்கு,

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

"பின்னாடியா? ஏண்டி, கால்ல ஏதாவது அடியா?"

"இல்லம்மா. அங்கதான் ஆள் வேணுமாம்."

"அப்ப நீதான் பெரியவளைப் பிடிக்கணுமா?"

"ஆமா."

"அவ உன்னைத் தாண்டிப் போகணுமா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குடி உங்க ஆட்டம். நான் நடுக்கோட்டுக்கு நேரா உட்கார்ந்துக்குறேன். ரெண்டு பேருக்கும் வாயைத் திறக்கமாட்டேன்."

மேட்சுக்கு வரும்போது வீட்டில் தங்க முடியாது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் தங்க வேண்டும் என்பது கோச்சம்மாவின் சட்டம். ஒருவகையில் நல்லதுதான். உன் பக்கத்துப் படுக்கையில் படுத்துவிட்டுக் காலையில் எழுந்து உன்னைத் தடுக்க என்னால் முடியாது.

தினமும் ஊசியை எதிரே ஓடவிட்டுப் பழகுகிறேன். இடுப்பைத்தான் பார்க்கிறேன். நேற்றுப் பந்தைப் பிடுங்கியபோது தூரப் போய் விழுந்தாள். "என்னை யாருன்னு நெனச்சுடி இடிக்குற?" என்றாள். சொல்லவில்லை.

மைதானத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தால் எனக்குக் கை கால் ஓடாது. தையல் பிரிந்த அந்தத் தோள்பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். அது போதும், வெறி தானாக வரும்.

சின்னவள்


ஜூலை 6

சின்னவளுக்கு,

ஜெயித்தாய். இரண்டுக்கு ஒன்று. இரண்டையும் அந்த ஊசிதான் போட்டாள், அதனால் உன் தலையில் கிரீடம் வைத்துக்கொள்ளாதே.

நான் போட்ட ஒன்றுக்கு நீ மைதானத்திலேயே கத்தினாய். "ஏமாத்துக்காரி!" என்றாய். என்ன ஏமாற்று? இடுப்பைப் பார் என்று சொன்னது நான். நீ இடுப்பைத்தான் பார்ப்பாய் என்று தெரிந்தவளும் நான். அதனால் இடுப்பையும் பொய் சொல்ல வைத்தேன். மூன்று வாரம் சலவைக்கூடத் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் பழகினேன். பார்த்தவர்கள் எனக்கு முதுகுப் பிடிப்பு என்று நினைத்தார்கள். அந்தக் கோலுக்கு அம்மா வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்.

கடைசி ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. பந்து என்னிடம் வந்தபோது உங்கள் பக்கம் கோல்கீப்பர் மட்டும்தான். போட்டிருந்தால் சமம். நீ எங்கோ பின்தங்கிவிட்டாய் என்று நினைத்தேன். உன் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சறுக்கிக்கொண்டு வந்தாய். என் கால்மேல் உன் கால் படவில்லை, பந்தை மட்டும் எடுத்தாய். நான் முகம் குப்புற விழுந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. காதெல்லாம் சேறு, என்ன சொன்னாள் என்று புரியவில்லை. ஆனால் அது எந்தக் குரல் என்று தெரியும். குடையை உடைத்த குரல்.

அந்த மாதிரிப் பிடுங்குவதை நான் எத்தனை வருடமாகச் செய்கிறேன். அதே மைதானம், அதே வேலி, அதே அம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தியிருக்கிறாளா? நீ முதல் தடவை செய்தாய். வாக்கையும் மறந்து எழுந்து நின்று கத்தினாள். கோல் போட்டால்தான் கத்துவாள் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை போலிருக்கிறது. நீ எதைச் செய்தாலும் கத்துவாள்.

என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினாய். தட்டிவிட்டேன். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். தோற்றதற்காக இல்லை.

அம்மாவோடு நான் பேசவில்லை. அவளுக்கு ஏன் என்று புரியவும் இல்லை.

பெரியவள்


ஜூலை 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

உன் காதில் சேறு. என் காதில் இல்லை. நான் வேலிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்ன கத்தினாள் என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

"அப்படித்தான்டி பெரியவளே! விடாத!"

ஆமாம். பெரியவளே. மைதானமே கேட்டது. ஊசி என்னிடம் ஓடி வந்து, "யாருடி பெரியவ?" என்று கேட்டாள். மழைச் சேற்றில் இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்தில் இருந்தோம். ஒருத்தி சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தாள். எடுத்தவள் நீதான் என்று அம்மா நினைத்துவிட்டாள். அப்படி எடுப்பவள் என்றால் அவளுக்கு நீ ஒருத்திதான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல தடுப்பு அது. அதைப் பார்த்துத்தான் கோச்சம்மா அடுத்த சீசனுக்கும் எனக்கு இடம் உண்டு என்று சொன்னாள். பெற்ற தாயே அதை உன் பெயரில் எழுதிவிட்டாள். நீ தோற்றுத் தரையில் கிடந்தாய். அப்போதும் பாராட்டு உனக்கு! அதற்குமேல் என் கையையும் தட்டிவிட்டாய். தங்கும் இடத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

யார் யார்மேல் கோபப்பட வேண்டும்? நீயே நியாயம் சொல். சொல்லிவிட்டு அம்மாவோடு பேசு. பாவம், போனில் அவள் குரலே சரியில்லை.

சின்னவள்


ஜூலை 27

சின்னவளுக்கு,

பேசினேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஈரத் துணியை உதறிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு யாருன்னு நெனச்சும்மா கத்துன?"

"உன்னைத்தான்."

"இத்தனை வருஷம் நான் பிடுங்கும்போது ஒருநாள்கூடக் கத்தலையே?"

"ஆமா, கத்தல." அம்மா யோசிக்கக்கூட இல்லை. "பந்து உன் பக்கம் போனா நான் பையைத் திறந்து தண்ணி குடிப்பேன். அப்பதான் குடிக்க முடியும். சின்னவ பக்கம் போனா போடுவாளா மாட்டாளான்னு நெஞ்சு அடிச்சுக்கும். உன் பக்கம் போனா எனக்கு என்ன பயம்?"

"அப்ப அன்னைக்கு மட்டும் எதுக்குக் கத்துன?"

"நீதான் முன்னாடி போயிட்டியே. கோல் போட்ட, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பின்னாடி கதவைத் திறந்து போட்டுட்டு வந்த மாதிரியே இருந்துச்சு எனக்கு. அன்னைக்குத் திடீர்னு நீ பழையபடி அங்க வந்துட்டேன்னு நெனச்சேன். சந்தோஷத்துல வாய் தானா கத்திடுச்சு."

சொல்லிவிட்டு அடுத்த துணிக்குக் கையை நீட்டினாள். இது பாராட்டா, தண்ணீர் குடிக்க விட்ட இடைவேளையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

ஆம்புலன்ஸ் அண்ணனிடம் போய், திரும்பப் பின்னால் போகிறேன் என்றேன். "அப்ப கோல் யாரும்மா போடுறது?" என்று பதறினார். "போட முடியும்னு காட்டிட்டேன்ல அண்ணே, இனி வேற யாராவது போடட்டும்" என்றேன். விரிப்பைக் கோணலாகப் பிடிக்கும் அந்தப் பெண்ணைத்தான் முன்னால் நிறுத்தப்போகிறார். கை சரியில்லையே தவிர, கால் பரவாயில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நீதான் கோபப்பட வேண்டும். அது உன்னுடைய பந்து. சுத்தமாக எடுத்தாய். அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன். கையைத் தட்டிவிட்டது தப்புதான்.

ஆனால் இன்னும் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சின்னவ பின்னாடி நின்னாளே, அன்னைக்குத் தண்ணி குடிச்சியாம்மா?"

"எங்கடி குடிக்கிறது? பாட்டில் மூடியையே திறக்கல. உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

நல்ல அக்காவாக இருந்தால் இதை உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

பெரியவள்